பதினாலாம் நம்பர் மட்டும் மஞ்சள்

சன்னல் சீட்டு உங்களுக்கே இருக்கட்டும் சார், எனக்கு வெயில் ஒத்துக்காது. அந்தப் பையை ஏன் மடியிலயே வச்சுக்கிட்டு கஷ்டப்படறீங்க, மேல போடுங்களேன். ஓ, பத்திரிகையா! மூலையில மஞ்சள் தெரியும்போதே நினைச்சேன். பொண்ணுக்கா, பையனுக்கா? பொண்ணுக்கு. ரொம்ப நல்லது. வேலூர்ல யாருக்கு வைக்கப் போறீங்க, சம்பந்தி வழியா? நான் ஆற்காட்டுல இறங்கிடுவேன். மாமனார் ஊரு. மச்சினிச்சி சாருமதிக்கு இன்னைக்கு வளைகாப்பு.

எனக்குன்னு தனியா யாரும் போன் பண்ணிச் சொல்லல. வீட்டு மூத்த மாப்பிள்ளைக்கு எதுக்கு சார் தனியா சொல்லணும்? என் வீட்டுக்காரி மேகலா முந்தாநாளே போயிட்டா. "நீங்க வரவேணாம், ஆபீஸ்ல எவ்ளோ வேலை இருக்கும்"னு ஒரு தடவைக்கு நாலு தடவை சொல்லிட்டுப் போனா. என் வேலை மேல அவளுக்கு அவ்வளவு மரியாதை. அதான் சொல்லாம கொள்ளாம போயி நிக்கப் போறேன். அசந்து போயிடுவாங்க.

இதோ பாருங்க, இந்த டப்பா முழுக்கக் கண்ணாடி வளையல். வர்ற பொம்பளைங்க எல்லாருக்கும் என் செலவுல. பூந்தமல்லியில அந்தக் கடைக்கார அம்மா ஒரு மணி நேரம் என் உயிரை எடுத்துட்டாங்க. "சின்ன கை, பெரிய கை, குழந்தை கைன்னு எல்லா சைஸும் கலந்து எடுங்க தம்பி"ன்னு. நான் சொல்லிட்டேன், "எல்லாம் ஒரே சைஸ் குடுங்க." ஒரே சைஸா இருந்தா பாக்க எப்படி இருக்கு பாருங்க! யாரு கையில நுழையும்னு அந்தம்மா கேட்டாங்க. அது அவங்கவங்க கையோட பிரச்சினை சார். வளையல் மேல என்ன தப்பு?

கல்யாணம்னதும் ஞாபகம் வருது. மண்டபம் எல்லாம் உறுதியாயிடுச்சு இல்ல? நல்லா விசாரிச்சுப் போடுங்க சார். ஏன் சொல்றேன்னா, மண்டபத்தால எனக்கு நடந்த அநியாயம் இருக்கே, அது வேற எந்த மனுஷனுக்கும் நடக்கக் கூடாது. சொல்லட்டுமா? தூக்கம் வருதா? வரலையே. அப்ப கேளுங்க.

நான் டேட்டா சென்டர்ல இருக்கேன். அம்பத்தூர் பக்கம். டேட்டா சென்டர்னா ஒண்ணுமில்ல, ஏசி போட்ட பெரிய குடோன்னு வச்சுக்கங்க. உள்ள இரும்பு அலமாரி வரிசையா நிக்கும், அதுல கம்ப்யூட்டர் பெட்டிங்க ஒண்ணு மேல ஒண்ணு படுத்துக்கிட்டு இருக்கும். சர்வர்னு சொல்வாங்க. நம்ம கம்பெனி அதையெல்லாம் வாடகைக்கு விடுது. ஒரு பெட்டியில துணிக்கடைக் கணக்கு ஓடும், ஒண்ணுல ஸ்கூல் பஸ் எங்க போகுதுன்னு ஓடும், ஒண்ணுல சீட்டுக் கம்பெனி. பெட்டிக்குச் சொந்தக்காரங்க யாரும் அங்க வந்ததே கிடையாது. வந்தா குளிர்ல ஜன்னி கண்டுடும்.

இப்ப, கடையிலேருந்து வந்த பெட்டி வெறும் இரும்பு சார். அதுக்கு ஒண்ணும் தெரியாது. நீ யாரு, உன் நம்பர் என்ன, எந்த வயர்ல பேசணும், கண்ணு முழிச்சதும் முதல்ல எதைத் தேடணும்னு எல்லாம் நாமதான் சொல்லிக் குடுக்கணும். அந்த மொத்த விவரத்துக்குப் பேரு ப்ரொஃபைல். ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியா உக்காந்து எழுதிக்கிட்டு இருந்தா ரிட்டயர் ஆயிடுவோம். அதனால ஒரு அச்சு பண்ணி வைக்கணும். டெம்ப்ளேட். இட்லித் தட்டு மாதிரின்னு வச்சுக்கங்க. மாவை ஊத்தினா எல்லா இட்லியும் ஒண்ணு போல வரும்.

நான் அங்க சேர்ந்தப்ப இருந்த நிலைமையை நீங்க பாத்திருக்கணும். சந்தைக்கடை! ஒவ்வொரு பெட்டியும் ஒவ்வொரு தினுசு. எவன் எப்ப எதை மாத்தினான்னு கடவுளுக்குத்தான் தெரியும். நான் தான் தனி ஆளா உக்காந்து டெம்ப்ளேட் எழுதினேன். யாரும் உதவல. எல்லார்கிட்டயும் ஆளுக்கு ஒரு கருத்து சொல்லக் கூடாதுன்னு நான் முதல்லயே சொல்லிட்டதால யாரும் உதவல.

அதுக்கு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு. மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேர். எல்லாப் பெட்டியும் ஒரே திரையில வரிசையா தெரியும். டெம்ப்ளேட்ல சொன்னபடி இருந்தா பேருக்குப் பக்கத்துல பச்சைப் புள்ளி. ஒரே ஒரு விஷயம் மாறியிருந்தாலும் போச்சு, மஞ்சள் முக்கோணம். பக்கத்துலயே ஒரு பட்டன் இருக்கும், "டெம்ப்ளேட்படி மாத்து"ன்னு. அமுக்கினா பெட்டி ஒரு தடவை நின்னு எழுந்திருக்கும், மஞ்சள் பச்சையாயிடும். எவ்வளவு அழகு பாருங்க. மனுஷங்களுக்கும் இப்படி ஒண்ணு வரணும். வந்தா என் வீட்டுலேருந்து ஆரம்பிப்பேன்.

வீட்டுல என்ன ஆச்சு தெரியுமா? சமையலறையில ஒரு டப்பா உயரம், ஒரு டப்பா குட்டை, ஒண்ணு பிளாஸ்டிக், ஒண்ணு பழைய ஊறுகாய் பாட்டில். கண்ணு கூசும். ஒரே அளவுல தகர டப்பா வாங்கிட்டு வந்து எல்லாத்தையும் மாத்திக் கொட்டினேன். மேகலா, புளியை மட்டும் பாட்டில்லயே விடுங்கன்னா. ஏன், புளி என்ன பெரிய கலெக்டரா? அதையும் தகரத்துல கொட்டினேன். ஒரு மாசத்துல டப்பா அரிச்சு ஓட்டை விழுந்து அலமாரியெல்லாம் ஒழுகிடுச்சு. என்னைத் திட்டறா! புளிக்கு ஒழுங்கு இல்லேன்னா அதுக்கு நான் என்ன சார் பண்ண முடியும்?

சரி, விஷயத்துக்கு வர்றேன். ஒவ்வொண்ணா அமுக்கி அமுக்கி எல்லாம் பச்சையாயிடுச்சு. ஒண்ணைத் தவிர. பதினாலாம் நம்பர். அது மட்டும் மஞ்சள். காலையில போயி உக்காந்தா அந்த முக்கோணம் என்னையே பாக்கும். மதியம் சாப்பிட்டுட்டு வந்தா அப்பவும் அங்கயே நிக்கும். தூக்கத்துல கூட மஞ்சள் சார்.

என் டீம்ல ஜெசிந்தான்னு ஒரு பொண்ணு. கெட்டிக்காரி, இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா எதைச் சொன்னாலும் "ஏன் சார்?"னு கேக்கும். அந்தப் பொண்ணு சொல்லுச்சு, "சார், பதினாலை நான்தான் அப்படி விட்டு வச்சிருக்கேன். தொடாதீங்க. அது முத்துப்பந்தல் மஹாலோடது. பழைய சாஃப்ட்வேர். மாத்தினா ஓடாது."

முத்துப்பந்தல் மஹால் தெரியுமில்ல? ஊருக்குள்ள நாலு கிளை இருக்கே, கல்யாண மண்டபம். என்ன சார் திடீர்னு நிமிர்ந்து உக்காந்துட்டீங்க? கால் மரத்துப் போச்சா? கொஞ்சம் நீட்டிக்கங்க, பரவால்ல.

நாலு கிளைக்கும் எந்தத் தேதியில யாருக்குக் கல்யாணம்னு அந்தப் பெட்டிதான் வச்சிருந்துச்சு. நான் ஜெசிந்தாவைக் கேட்டேன், "ஏம்மா, துணிக்கடைக்கு ஓடற டெம்ப்ளேட், சீட்டுக் கம்பெனிக்கு ஓடற டெம்ப்ளேட், மண்டபத்துக்கு மட்டும் ஓடாதா? மண்டபக்காரன் என்ன தனிப் பிறவியா?" அவ ஏதோ நம்பர், லைசென்ஸ்னு ஆரம்பிச்சா. நான் கையைக் காட்டிட்டேன். அன்னைக்கு மதியம் புனேலேருந்து குல்கர்னி வர்றாரு. எங்க வைஸ் பிரசிடென்ட். வந்து திரையைப் பாப்பாரு. பாக்கும்போது மஞ்சளா இருந்தா யாரு மானம் போகும்? ஜெசிந்தா மானமா?

அமுக்கிட்டேன்.

பதினாலு நின்னுச்சு, எழுந்துச்சு, பச்சை. திரை முழுக்கப் பச்சை சார்! புதுசா நாத்து நட்ட வயல் மாதிரி. போட்டோ எடுத்து வாட்சப் ஸ்டேட்டஸ்ல வச்சேன். மேகலா கூடப் பாத்தா. குல்கர்னி வந்து பாத்துட்டு "குட்"டுன்னாரு. ஒரே வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்காக மனுஷன் எவ்வளவு வருஷம் காத்துக்கிட்டு இருக்கான்னு உங்களுக்குத் தெரியாது. எனக்கு அன்னைக்கு நிஜமாவே கண்ணு கலங்கிடுச்சு.

அவரு காரு கேட்டைத் தாண்டல, போன். முத்துப்பந்தல் மஹால் மேனேஜர் தண்டபாணி. "சார், கம்ப்யூட்டரு தெறக்க மாட்டேங்குது. உரிமம் இல்லேன்னு எழுதி வருது. வைகாசி சார், முகூர்த்த நாளு, வாசல்ல ஆளுங்க நிக்கறாங்க."

விஷயம் என்னன்னா, ஒவ்வொரு பெட்டியிலயும் நெட்வொர்க் கார்டுன்னு ஒண்ணு இருக்கும். அதுக்குப் பொறக்கும்போதே ஒரு நம்பர் உண்டு. என் டெம்ப்ளேட்ல நான் என்ன பண்ணியிருக்கேன், பொறந்த நம்பரெல்லாம் கன்னாபின்னான்னு இருக்கேன்னு, எல்லாப் பெட்டிக்கும் நாமளே வரிசையா புது நம்பர் குடுக்கற மாதிரி வச்சிருக்கேன். எவ்வளவு ஒழுங்கு! அந்த மண்டப சாஃப்ட்வேரை எழுதின ஆளு, பெட்டியோட பொறந்த நம்பரைப் பாத்தாதான் தொறக்கும்னு எழுதி வச்சுட்டுக் கனடா போயிட்டான். நம்பர் மாறினதும் அது, நீ யாரோ, போன்னு கதவைச் சாத்திடுச்சு. இதுல தப்பு யாரோடது? நீங்களே சொல்லுங்க. கனடாக்காரனோடது!

ஜெசிந்தா ஓடி வந்தா. "சார், பிரச்சினையே இல்ல. பதினாலுக்கு மட்டும் நம்பரைப் பெட்டியோடதே வச்சுக்கன்னு மாத்திட்டா போதும். அஞ்சு நிமிஷ வேலை."

"மாத்தினா பச்சை போயிடுமே?"

"போகும் சார். மஞ்சளாயிடும்."

"அப்ப பிரச்சினையே இல்லேன்னு எப்படிச் சொல்ற?"

அந்தப் பொண்ணு என்னை ஒரு பார்வை பாத்துச்சு. "சார், மண்டபக்காரங்க எந்தத் தேதி காலின்னே தெரியாம உக்காந்திருக்காங்க"ன்னுச்சு. இருக்கட்டுமே! ஒரு பெட்டிக்கு விட்டுக் குடுத்தா நாளைக்குத் துணிக்கடைக்காரன் வந்து நிப்பான், நாளன்னைக்கு ஸ்கூல் பஸ்காரன் வந்து நிப்பான். டெம்ப்ளேட்டுன்னா என்ன மரியாதை? நான் கனடாவுக்கு மெயில் போட்டேன். உன் சாஃப்ட்வேரை என் டெம்ப்ளேட்டுக்கு ஏத்த மாதிரி மாத்திக் குடுன்னு. பதில் வரல. மறுபடி போட்டேன். ஒரு வாரம் சார். ஒரு வாரம் பொறுமையா காத்துக்கிட்டு இருந்தேன். என் பொறுமையைப் பத்தி யாரும் பேசறதே இல்ல.

டிரைவர் ஏன் இப்படி உருட்டறான்? ஸ்ரீபெரும்புதூரே இப்பதான் தாண்டறோம். தண்ணி குடிக்கிறீங்களா? முகமெல்லாம் வேர்த்திருக்கே.

இதுல இன்னொரு விஷயம் இருக்கு. அதைச் சொல்லலேன்னா கதை புரியாது. என் மாமனார் ஏகாம்பரம் சின்னப் பொண்ணு சாருமதிக்கு ஆனி மாசம் கல்யாணம் வச்சிருந்தாரு. மாப்பிள்ளை வீடு சென்னை. கல்யாணம் சென்னையிலதான் நடக்கணும்னு அவங்க கண்டிஷன். மனுஷன் மண்டபம் தேடி அலைஞ்சு செருப்பு தேஞ்சு போச்சு. நான்தான் சொன்னேன், "மாமா, நீங்க ஏன் கவலைப்படறீங்க? முத்துப்பந்தல் மஹால்ல நான் பாத்துக்கறேன். அவங்க கம்ப்யூட்டரே என் கையில இருக்கு." சொன்ன மாதிரி பூந்தமல்லி கிளையில வாங்கியும் குடுத்தேன். மாமனார் என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு, "மூத்த பிள்ளை இல்லேங்கற குறையைத் தீர்த்துட்டீங்க மாப்ள"ன்னாரு. அவரு வாயிலேருந்து அதுக்கு முன்னாடியும் சரி, அதுக்குப் பின்னாடியும் சரி, அப்படி ஒரு வார்த்தை வந்ததில்ல.

சாருமதி பதிவு அந்தப் பெட்டிக்குள்ளதான் இருந்துச்சு. பத்திரமா இருந்துச்சு. தொறக்க முடியல, அவ்வளவுதான்.

இந்தத் தண்டபாணி என்ன பண்ணியிருக்கணும்? கம்ப்யூட்டர் வர்ற வரைக்கும் வாசல் கதவைச் சாத்திட்டு சும்மா இருந்திருக்கணும். நான் சும்மா இருக்கேன் இல்ல, கனடாக்காரனுக்காக? ஆனா அவரு என்ன பண்ணினாரு, ரிசப்ஷன்ல இருக்கற பொண்ணைக் கூப்பிட்டு, வர்றவங்களுக்கு ஞாபகத்துல இருக்கறதை வச்சு தேதி குடும்மான்னுட்டாரு. அந்தப் பொண்ணு சேர்ந்தே ஒரு மாசம் ஆகல. அதுக்கு என்ன ஞாபகம் இருக்கும்? சுவத்துல தொங்கற காலண்டர்ல காலியாத் தெரிஞ்ச தேதியையெல்லாம் குடுத்துச்சு. காலண்டர்ல எல்லாத் தேதியும் காலியாத்தானே சார் இருக்கும்?

அந்த வாரக் கடைசியில நான் லீவு. மேகலாவோட சேர்ந்து சாருமதிக்குக் கல்யாணப் பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் போயிருந்தேன். அந்த நேரம் பாத்து ஜெசிந்தா குல்கர்னிகிட்ட நேரா பேசி, அனுமதி வாங்கி, பதினாலைப் பழையபடி மாத்திட்டா. முதுகுல குத்தறதுன்னா இதுதான். அஞ்சு நிமிஷம்னு சொன்னா இல்ல, நாலு நிமிஷத்துல முடிச்சிருக்கா. கடையில புடவையை விரிச்சு வச்சிருக்காங்க, நான் போன்ல திரையைத் தொறந்து பாக்கறேன். மஞ்சள். அரக்குப் பட்டு, மாம்பழ பார்டர், எதுவும் எனக்குக் கண்ணுல படல. திரும்பக் கார்ல வரும்போதும் திரையைத்தான் பாத்துக்கிட்டு வந்தேன்.

மண்டபத்துல கம்ப்யூட்டர் தொறந்துக்கிச்சு. ரிசப்ஷன் பொண்ணு அந்த ஒரு வாரத்துல குடுத்த தேதியெல்லாம் உள்ள ஏத்தியிருக்கு. ஒரு தேதியில வேற யாரோ பேரு ஏற்கனவே இருக்கு. சாருமதி பேரு. அந்தப் பொண்ணு என்ன நினைச்சுதுன்னா, கம்ப்யூட்டர் ஒரு வாரமா பைத்தியம் புடிச்சுக் கெடந்துச்சே, அதுல வந்த கோளாறுன்னு நினைச்சுக்கிச்சு. நேர்ல வந்து முகத்தைக் காட்டிட்டுப் போன பார்ட்டி பேரைப் போட்டுட்டு, சாருமதியை அழிச்சுடுச்சு. பெட்டி சரியாத்தான் சொல்லுச்சு சார். அதை யாரும் நம்பல. ஏன் நம்பல? மஞ்சளா இருந்ததால! பச்சையா இருந்திருந்தா நம்பியிருப்பாங்க. இதை நான் குல்கர்னிகிட்ட எடுத்துச் சொன்னேன். அவரு கண்ணாடியைக் கழட்டி ரொம்ப நேரம் தொடைச்சாரு.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயந்திரம் போயி இறங்கறோம். ஆற்காட்டுலேருந்து ரெண்டு வேன். மாமனார், மாமியார், சீர்வரிசை, பொண்ணு. வாசல்ல பூவால பேரு எழுதியிருக்கு. வேற பேரு. உள்ள நாதஸ்வரம் வாசிக்கறாங்க. எங்க நாதஸ்வரக்காரங்க வேன்லேருந்து அப்பதான் இறங்கறாங்க. ரெண்டு கோஷ்டியும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டு நிக்கறாங்க. எங்க சமையல்காரர் அண்டாவோட சமையல்கட்டுக்குள்ள போனா, அங்க வேற ஒருத்தர் பாயசம் கிண்டிக்கிட்டு இருக்காரு. மாமனார் என்னைத்தான் பாத்தாரு. "மாப்ள, கம்ப்யூட்டர் உங்க கையிலதானே இருக்கு?"ன்னாரு. நான் அவருக்கு அங்கயே நின்னு, நம்பர், லைசென்ஸ், கனடான்னு ஒண்ணு விடாம விளக்கினேன். பாதியிலயே கல்படியில உக்காந்துட்டாரு. வயசாயிடுச்சு, பாவம், ரொம்ப நேரம் நிக்க முடியல.

அந்தப் பார்ட்டிக்காரங்க நல்லவங்க. தண்டபாணி அவங்க கால்ல விழாத குறையா கெஞ்சி, மேல பெரிய ஹால் அவங்களுக்கு, கீழ பந்தி ஹால் எங்களுக்குன்னு முடிவாச்சு. சாருமதிக்குத் தாலி கட்டினது எங்க தெரியுமா? கை கழுவற இடத்துக்குப் பக்கத்துல. ஐயர் மந்திரம் சொல்றாரு, இந்தப் பக்கம் மேல் ஹால் கல்யாணத்துக்காரங்க முதல் பந்தி சாப்பிட்டுட்டு வந்து வாய் கொப்பளிக்கறாங்க. கெட்டிமேளம்னு ஐயர் கத்தும்போது பின்னாடி ஒருத்தர், சாம்பார் இந்தப் பக்கம்னு கத்தறாரு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு நின்னாங்க. எங்க மாமியார் அழுத கண்ணோடவே ஆரத்தி எடுத்தாங்க. மேகலா என் பக்கம் திரும்பவே இல்ல. கல்யாண வேலை, பாவம்.

சாருமதி மட்டும் தங்கமான பொண்ணு சார். மணையில உக்காந்திருக்கா, கழுத்துல மாலை, கண்ணு வீங்கியிருக்கு. நான் அட்சதை போடப் போறேன். நிமிர்ந்து பாத்து மெதுவா கேட்டா, "மாமா, இப்ப எல்லாம் பச்சையா இருக்கா?"

பாத்தீங்களா! தன் கல்யாண நேரத்துல கூட என் வேலையைப் பத்தி அக்கறையா கேக்கறா. "இல்லம்மா, பதினாலு மட்டும் இன்னும் மஞ்சள்"னேன். அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டா. அவளுக்கும் வருத்தம்தான். நம்ம வீட்டுல என்னைப் புரிஞ்சுக்கிட்ட ஒரே ஜீவன் அவதான். அவளுக்காகத்தான் இந்த வளையல் எல்லாம்.

அதுக்கப்புறம் ஆபீஸ்ல நடந்த கூத்தைக் கேக்கணுமே. கேக் வெட்டினாங்க. யாருக்கு? ஜெசிந்தாவுக்கு! டீமுக்கு லீடு இனிமே அவதானாம். டெம்ப்ளேட் எழுதினது நான், கேக் அவளுக்கு. எனக்கும் ஒரு துண்டு வந்துச்சு, முந்திரி இல்லாத பக்கமா. அவ முதல் வேலையா என்ன பண்ணினா தெரியுமா? பதினாலை டெம்ப்ளேட்லேருந்தே பிரிச்சுட்டா. இப்ப அதுக்குப் பச்சையும் கிடையாது, மஞ்சளும் கிடையாது. சாம்பல் கலர். அப்பா அம்மா இல்லாத புள்ளை மாதிரி தனியா நிக்குது. மஞ்சளாவது பரவால்ல, என்னைக்காவது திருந்தும்னு நம்பிக்கை இருக்கும். இந்தச் சாம்பலை என்னன்னு சார் சொல்றது? எனக்குத் திரையைப் பாக்க மட்டும்தான் அனுமதி, தொட முடியாது. மாசக்கணக்கா தெனமும் அதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.

ஆனா கடவுள்னு ஒருத்தர் இருக்காரு. ஜெசிந்தா அண்ணன் குழந்தைக்கு ஞானஸ்நானம்னு தூத்துக்குடிக்குப் போயிருக்கா. திங்கக்கிழமைதான் வருவா. அதுவரைக்கும் பொறுப்பா பாத்துக்க யாராவது வேணுமே. வேற யாரு இருக்கா? எனக்குத்தான் அனுமதியைத் திருப்பிக் குடுத்திருக்காங்க. போகும்போது அந்தப் பொண்ணு சொல்லிட்டுப் போச்சு, "சார், ஒண்ணும் பண்ண வேணாம். சும்மா பாத்துக்கிட்டா போதும்"னு. அடக்கமா இருக்கறதாக் காட்டிக்கறா.

நேத்து ஆபீஸ்லேருந்து கிளம்பறதுக்கு முன்னாடி பதினாலை மறுபடியும் என் டெம்ப்ளேட்ல சேர்த்துட்டேன். உடனே ஆகாது. பெட்டி நின்னு எழுந்திருக்கணும். ஞாயித்துக்கிழமை காலையில அதுவா நின்னு எழுந்திருக்கற மாதிரி நேரம் குறிச்சு வச்சிருக்கேன். திங்கக்கிழமை அந்தப் பொண்ணு வந்து திரையைத் தொறந்தா, எல்லாம் பச்சை! மூஞ்சி எப்படி இருக்கும்னு நினைச்சாலே எனக்குச் சிரிப்பு வருது.

கனடாக்காரனா? அவன் இன்னும் பதில் போடல. போடுவான். எத்தனை நாளைக்குத்தான் போடாம இருப்பான்?

வெள்ளைகேட் வந்துடுச்சு பாருங்க, பேச்சு சுவாரஸ்யத்துல நேரம் போனதே தெரியல. நான் என் கதையையே பேசிக்கிட்டு இருக்கேன், உங்க பொண்ணு கல்யாணத்தைப் பத்தி ஒண்ணும் கேக்கல. எங்க, ஒரு பத்திரிகையைக் காட்டுங்க. அடடா, அட்டை நல்லா கனமா இருக்கு. பொண்ணு பேரு ஹேமமாலினி. லட்சணமான பேரு. தை கடைசி முகூர்த்தம். அப்படின்னா இன்னும் ரெண்டு வாரம் கூட இல்ல. இடம்...

அட! சார்! இதை முதல்லயே சொல்லக் கூடாதா? நம்ம முத்துப்பந்தல் மஹால்! அதே பூந்தமல்லி கிளை! நான் அப்பலேருந்து கதை சொல்லிக்கிட்டு இருக்கேன், நீங்க வாயே தொறக்கலையே. உங்களுக்கு யோகம் சார். இந்த ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் உங்க பொண்ணு கல்யாணம் பச்சைப் பெட்டியில இருக்கும். அந்த மண்டபத்துல இதுவரைக்கும் எவனுக்கும் கிடைக்காத பாதுகாப்பு. உங்க கம்ப்யூட்டரே என் கையில இருக்குன்னு வச்சுக்கங்க.

என்ன சார், எழுந்துட்டீங்க? வேலூர் இன்னும் வரல. உக்காருங்க, பஸ்ஸு குலுங்குது, விழுந்துடப் போறீங்க.

ஜெசிந்தா நம்பரா? எதுக்கு? ஓ... பத்திரிகை அனுப்பவா! எவ்வளவு பெரிய மனசு சார் உங்களுக்கு. முன்ன பின்ன தெரியாத பொண்ணுக்கு, அதுவும் நான் இவ்வளவு சொன்ன பிறகும். சரி, வீட்டுக்குப் பெரியவங்கன்னா இப்படித்தான் இருக்கணும். இருங்க, தேடறேன். ஜே, ஜே... இதோ. நானே உங்க போன்ல போட்டுத் தர்றேன், குடுங்க. போனைத் தலைகீழாப் புடிச்சிருக்கீங்களே, எப்படி அமுக்குவீங்க? கல்யாண அலைச்சல், அதான். முடிஞ்சதும் நல்லா ரெஸ்ட் எடுங்க.

ம், மணி அடிக்குது. எடுத்துட்டா. பேசுங்க, பேசுங்க. மெதுவா சார், ஏன் இப்படிக் கத்தறீங்க? கண்டக்டரெல்லாம் திரும்பிப் பாக்கறாரு. தூத்துக்குடின்னாலும் நல்லாத்தான் கேக்கும்.

பேசி முடிச்சதும் போனை என்கிட்ட ஒரு நிமிஷம் குடுங்க சார். பதினாலைப் பத்தி ஒரு நல்ல சேதி இருக்கு. அதை அவகிட்ட நான்தான் சொல்லணும்.